நாலுக்கு மேல் எண்ணத் தெரியாத பெட்டியும் எங்கள் அக்காவும்

ஒலிநூல் பதிவகத்தின் சேமிப்புப் பொறுப்பாளராக முப்பத்தோராண்டு பணியாற்றி, இன்று மாலையோடு ஓய்வு பெறும் எங்கள் அக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உவந்தளிக்கும் பாராட்டு மடல்

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும், மறைப்பானேன், பெரும்பயத்துக்கும் உரிய அக்கா அவர்களே!

விழியால் படிக்க இயலாதோர் செவியால் படிக்கட்டும் என்று நூல்களைக் குரலாக்கிக் கொடுக்கும் இக்கூடத்தில், வந்த ஒலி எதையும் வழிதவற விடாமல் வாங்கி வைத்த வள்ளலே! நாடாவில் தொடங்கி, தட்டில் தொடர்ந்து, வலையில் இணைந்த சேமிப்புப் பெட்டிவரை கருவிகள் மாறினாலும் கவனம் மாறாத காவலே! மின்சாரம் போன மறுநொடி மாடிப்படியில் செருப்புச் சத்தமாய்க் கேட்கும் மின்னலே! 'அழிந்துவிட்டது' என்று அழுதுவந்தவரை 'அழிய நான் விட்டால்தானே' என்று அதட்டியே ஆற்றிய அன்பருவியே! தங்களை வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், தயவுசெய்து நாற்காலியில் உட்காரும்படி கெஞ்சியும் கேட்டுக்கொள்கிறோம்.

கெஞ்சக் காரணம் இருக்கிறது. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். மேடைக்குப் பின்னால் ஏதோ பிளக் தளர்ந்திருக்கிறது என்று சாக்குச் சொல்வீர்கள். அதனால் நாங்கள் கூடிப் பேசி ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். இனி இந்த மடலில் 'தாங்கள்' கிடையாது. அக்கா என்று ஒருவர் இருந்தார், அவருக்கு இப்படி இப்படி நடந்தது என்று மட்டும் சொல்லப்போகிறோம். யாரோ ஒருவரின் கதை என்று நினைத்துக் கேளுங்கள். வாசிப்பவர் நம் கணக்கர். வரி தவறினால் அவர் முதலிலிருந்து தொடங்கிவிடுவார், ஆகவே குறுக்கிட வேண்டாம்.

சலியா உழைப்பின் சிகரமே! என்று இந்தப் பத்தியைத் தொடங்க நினைத்தோம். உண்மையில் அந்த அக்கா உழைத்ததைவிட நடந்ததுதான் அதிகம். காலையில் எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்ல மாட்டார், 'பேக்கப் எடுத்தாச்சா?' என்பார். எங்கள் ஒலிப்பொறியாளருக்குப் பிரசவம் ஆன மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, குழந்தை நலமா என்று கேட்ட கையோடு, போன வார ஃபைலை எந்த ஃபோல்டரில் வைத்தாய் என்றும் கேட்டவர். சுவரில் உள்ள பிளக் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடிவைத்தவர். துடைப்பத்தோடு வருபவரை வாசலிலேயே மறித்து, எந்த வயரை நகர்த்தக் கூடாது என்று பாடம் நடத்தியவர். இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் அந்தப் பெட்டி.

பெட்டி என்றால் வேறொன்றுமில்லை. ஒரு செருப்புக் கடைப் பெட்டி அளவுக்குக் கறுப்பாக ஒன்று, உள்ளே நாலைந்து ஹார்ட் டிஸ்க், பின்னால் ஒரு நெட்வொர்க் வயர். கூடத்தில் எந்த அறையில் பேசினாலும் பதிவு அந்த வயர் வழியாகப் போய் அதற்குள்தான் உட்காரும். பெட்டி கெட்டால் பதிவகமே ஊமை. அக்கா அதைத் தன் மேசையிலிருந்து கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, பேசும்போதுகூட ஒரு கையை அதன் தலையில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா போட்ட விதிகளில் பெரிய விதி சிவப்பு விளக்கு விதி. வாசிப்பாளர் உள்ளே உட்கார்ந்து சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால், அன்றைய வேலை முடிகிறவரை பதிவை நிறுத்தக் கூடாது. தண்ணீர் குடித்தாலும் ஓடட்டும், சாப்பிடப் போனாலும் ஓடட்டும். இடையில் நிறுத்தியவர்கள் திரும்ப ஓடவிட மறந்து, அரை நாள் வாசித்த பிறகு தலையில் கைவைத்த கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. அதனால் வந்த விதி. உலகத்தில் வேறு எந்தக் கூடத்திலும் மனிதர்கள் சாப்பிடுகிற சத்தத்தை இவ்வளவு உயர்ந்த தரத்தில் பதிவுசெய்து வைத்திருக்க மாட்டார்கள்.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வாசிப்பாளர்களில் தலைசிறந்தவரை எல்லோரும் குரலண்ணன் என்போம். வயதில் அக்காவுக்கு மூத்தவர், ஆனாலும் ஊரோடு ஒத்து அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். அக்கா பதிலுக்கு அண்ணா என்பார். இரண்டு பேரில் யார் பெரியவர் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் குழம்புவார்கள். கண் தெரியாத வாசகர்கள் எத்தனையோ பேர் அந்தக் குரல் வாசித்தால்தான் புத்தகம் வேண்டும் என்று அடம்பிடித்ததுண்டு. அந்தத் தொண்டையில் நோய் வந்தது. குரல்வளையை எடுத்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் ஒரு கருவி வந்திருக்கிறது. குரல் போனவர்கள் அதில் தட்டினால் அது பேசும். முன்கூட்டியே தங்கள் குரலைப் போதுமான அளவு பதிந்து கொடுத்தால், அவர்கள் குரலிலேயே பேசும். அறுவைக்கு முந்தைய நாள் அண்ணன் எங்கள் கூடத்துக்கு வந்தார். கருவிக்காரர்கள் கொடுத்த வாக்கியங்களை வைத்துக்கொண்டு காலையில் உள்ளே போனவர், மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு, மாலை வெயில் சாயும் முன் வெளியே வந்தார். சிவப்பு விளக்கு அத்தனை நேரமும் எரிந்துகொண்டிருந்தது. அக்கா வாசலிலேயே நடந்துகொண்டிருந்தார். 'நல்லா வந்திருக்கும்ணா' என்றார். அண்ணன் சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அறுவை நடந்துகொண்டிருந்த வேளையில் அக்கா கோப்பைத் திறந்து பார்த்தார். பதினொரு நிமிடம். பெட்டியின் பட்டியலும் அதையேதான் சொன்னது: சின்னக் கோப்பு, பதினொரு நிமிடம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முதல் பதினொரு நிமிடம் வாசித்த அண்ணன், ஒரு வாக்கியத்தின் நடுவில், மூச்சு இழுக்கும் இடத்தில் நின்றுபோனார். விளக்குதான் எரிந்திருக்கிறது, பதிவு தானாக நின்றிருக்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டினோம். பதினொரு நிமிடத்தை வைத்துக் குரல் செய்ய முடியாது என்று கருவிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். திரும்பப் பதிய அண்ணனிடம் குரல் இல்லை.

அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உடம்பு தேறி வந்ததும் அவருக்கு மற்றவர்களின் பதிவைக் கேட்டுப் பிழை குறிக்கும் வேலை கொடுத்தோம். கருவியோடு சேர்ந்து வந்த ஏதோ ஒரு குரலில் பேசுவார். செய்தி வாசிக்கிறவர் போல், ஊர் பேர் தெரியாத, வயசு தெரியாத குரல். அதில் அவர் 'டீ குடிக்கலாமா' என்று கேட்டால் வானிலை அறிக்கை மாதிரி இருக்கும். நாங்கள் மெதுவாக அதற்குப் பழகிவிட்டோம். அக்கா மட்டும் பழகவில்லை. அண்ணன் அறையைத் தாண்டித்தான் தண்ணீர்க் குழாய். அக்கா மாடி ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடிப்பார். அவர் வீட்டுக்காரர் இதோ முதல் வரிசையில் இருக்கிறார், அவரே எங்களிடம் சொன்னது: சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து, பாதித் தட்டை அப்படியே விட்டு, வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவாராம். என்ன என்று கேட்டால், 'அந்தக் குரலை என் பெட்டி தின்னுடுச்சுங்க' என்பாராம். நாலு வருடம் அந்த மனுஷி ஓர் இடத்தில் நிம்மதியாக உட்காரவில்லை. சுறுசுறுப்பு என்று நாங்கள் பாராட்டியதெல்லாம் பாதி அதுதான்.

பதினொரு நிமிடக் கோப்பை அழித்துவிடச் சொல்லி மேலாளர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அக்கா பார்த்த பார்வையில் அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

போன மாதம் பதிவகம் இடம் மாறியது எல்லோருக்கும் தெரியும். பழைய கட்டடத்தைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சந்துக்கு எதிர்ப்புறத்துக் கட்டடத்தில் புதுப் பெட்டி தயாராக இருக்கிறது. பழைய பெட்டியைத் துடைத்து அழித்து, பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அக்காவுக்கு இதுதான் கடைசிப் பெரிய வேலை. பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன டிஸ்க்கைச் செருகுவது, கொஞ்சம் கொஞ்சமாக அதில் நகல் எடுப்பது, கையில் பிடித்துக்கொண்டு சந்தைக் கடந்து போய்ப் புதுப் பெட்டியில் இறக்குவது. நாள் முழுக்க இதே நடை. நடப்பதற்கென்றே ஒரு வேலை கிடைத்ததில் அவர் கொஞ்சம் தெளிவாகவே இருந்தார்.

அந்தச் சின்ன டிஸ்க் பழைய முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் ஒரே ஒரு குணக்கேடு உண்டு. நாலு ஜிபிக்கு மேலான கோப்பு எதையும் அது வாங்கிக்கொள்ளாது. ஆயிரம் சின்னக் கோப்பு கொடுத்தால் விழுங்கும், ஒரு பெரிய கோப்பைக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்ளும். அக்காவுக்கு இது தெரிந்த விஷயம்தான். நீளமான வீடியோக்களை முதலிலேயே தனியாகப் பிரித்து வைத்துவிட்டார். மற்றதெல்லாம் ஒழுங்காகப் போனது.

அண்ணனுடைய பதினொரு நிமிடம் மட்டும் போகவில்லை.

சின்னக் கோப்பு, கண் மூடித் திறப்பதற்குள் நகலாக வேண்டியது. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அக்கா ஒரு நடை போய்விட்டு வந்தார். அப்போதும் சிமிட்டியது. இன்னொரு நடை போய்விட்டு வந்தபோது நின்றிருந்தது, 'கோப்பு மிகப் பெரியது' என்று ஒரு வரி எழுதியிருந்தது. திரும்பக் கொடுத்தார். அதே தாமதம், அதே வரி. ஒலிப்பொறியாளர் வந்து பார்த்தார். 'டிஸ்க்ல ஏதோ கோளாறுக்கா. வேற டிஸ்க் போடுங்க' என்றார். வேறு டிஸ்க்கிலும் அதேதான். கட்டடத்தை ஒப்படைக்க வேண்டிய நாள் வந்துவிட்டது, மாலையில் கரண்டை நிறுத்திவிடுவார்கள், இரும்பு வாங்குபவர் மத்தியானமே வண்டியோடு வந்து வாசலில் நின்றுவிட்டார். மேலாளர் பக்குவமாகத்தான் சொன்னார். உபயோகமில்லாத பதினொரு நிமிடம், எதற்கு இந்தப் பாடு, விட்டுவிடலாமே என்றார். அக்கா கணக்கர் பக்கம் திரும்பி, வண்டியை எடு, கடைக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கி வரலாம் என்றார்.

இந்த மடலை வாசித்துக்கொண்டிருக்கும் கணக்கரின் ஸ்கூட்டரைத் தெரியாதவர் இங்கே இல்லை. ஓடி ஓடி அதன் மீட்டரில் ஒன்பதுகள் எல்லாம் தீர்ந்து, எண்கள் மறுபடி சைபரிலிருந்து தொடங்கியிருக்கின்றன. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'புது வண்டி, சந்தேகம் இருந்தால் மீட்டரைப் பாருங்கள்' என்று பீற்றிக்கொள்வது இவருக்கு ஒரு பொழுதுபோக்கு. அன்று அக்கா பின்னால் உட்கார்ந்து, பொறுமையில்லாமல், இவர் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வண்டியத் திருப்பு."

"கடை இன்னும் வரலையேக்கா."

"கடைக்கு வேண்டாம். உன் மீட்டர் பொய் சொல்லுது, ஆனா வண்டி ஓடினது ஓடினதுதானே? அந்த டிஸ்க்ல கோளாறு இல்லடா. அது உண்மையச் சொல்லுது. ஃபைல் பெருசாத்தான் இருக்கு."

கணக்கருக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு புரிந்தது இது. ஒலிக்கோப்பு ஒவ்வொன்றும் தன் தலைப்பகுதியில் தன் நீளத்தைத் தானே எழுதிவைத்துக்கொள்ளும். அந்தப் பழைய வகைக் கோப்பில் நீளம் எழுத விட்டிருக்கும் இடம் நாலு ஜிபிவரைதான். அதைத் தாண்டினால் எண் சைபருக்குத் திரும்பி மறுபடி ஏறும். பெட்டியின் பழைய பட்டியலுக்கும் அதே வியாதி, நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது. நிறுத்தாமல் ஓடிய அன்றைய பதிவு நாலைத் தாண்டிக் கொஞ்சம் போயிருக்கிறது. தாண்டிய அளவு மட்டும், பதினொரு நிமிடம் என்று, இரண்டிலும் எழுதப்பட்டிருக்கிறது. தலையில் எழுதியதை நம்பி எல்லோரும் உள்ளே பார்க்காமலே விட்டுவிட்டோம். உள்ளே அண்ணன் அன்று பேசியது முழுக்க இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும் என்பதுதான், இருக்கிறதா என்று தெரியாது. திரும்பி வந்தபோது இரும்புக்காரர் இரண்டாவது டீயை முடித்துவிட்டு, 'ஆச்சுங்களா' என்று கேட்டுக்கொண்டிருந்தார். கட்டடக்காரர் சாவிக்காகப் படியில் உட்கார்ந்திருந்தார். டிஸ்க்கைப் புது முறையில் ஃபார்மேட் செய்து போடலாம் என்றால், பழைய பெட்டி அந்த முறையை அறியாது. பெட்டியையே தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், ஒருமுறை அணைத்தால் அந்தக் கிழட்டுப் பெட்டி மறுபடி எழும் என்ற உறுதியில்லை. அக்கா நெட்வொர்க் வயர்ச் சுருளைத் தூக்கினார். பழைய அறை ஜன்னலில் ஒரு முனை, சந்தின் குறுக்கே, எதிர் மாடி ஜன்னலில் மறுமுனை. பெட்டிக்குப் பெட்டி நேரடியாகப் பேசட்டும் என்றார்.

வயர் தொய்ந்து சந்தின் நடுவில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. வேன் வந்தால் அறுத்துக்கொண்டு போகும். எங்கள் மேலாளர், எத்தனையோ கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர், அன்று தூறலில் நடுச்சந்தில் நின்று துடைப்பக் கட்டையால் அந்த வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். விட்டுவிடலாம் என்று சொன்ன அதே மனிதர்தான். வேன்காரர்கள் திட்டியதையெல்லாம் பொறுமையாக வாங்கிக்கொண்டார். கை மாற்ற வேறு ஆள் போனபோது தரவில்லை.

அக்கா இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஓடினார். இங்கே விளக்கு சிமிட்டுகிறதா, அங்கே அளவு ஏறுகிறதா. ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். நிற்கும்போதெல்லாம் அக்கா பெட்டியின் தலையில் கையை வைத்து ஏதோ முணுமுணுப்பார். அதட்டினாரா, வேண்டிக்கொண்டாரா, கேட்கத் துணிவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒலிப்பொறியாளர் எண்ணைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று என்றார். மூன்றரை என்றார். நாலு என்றார். அக்கா படியில் பாதியில் நின்றுவிட்டார்.

"தாண்டிடுச்சுக்கா!"

தாண்டிய கோப்பை ஒலிப்பொறியாளர் திறந்தார். தலையில் எழுதியிருப்பதை நம்பாதே, உள்ளே இருப்பதை இருக்கிறபடியே படி என்று மென்பொருளுக்குச் சொன்னார். பதினொரு நிமிடம் முடிகிற இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். அண்ணன் மூச்சு இழுக்கிற அந்த இடம் வந்தது, நாங்கள் எல்லோரும் அதை மனப்பாடமாக அறிவோம். இழுத்த மூச்சை விட்டு, அண்ணன் அந்த வாக்கியத்தை முடித்தார்.

அக்கா அழுதார். இதைச் சொல்லக் கூடாது என்று எங்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறார், ஆனால் நாங்கள் யாரோ ஓர் அக்காவைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒலிப்பொறியாளர் அழுதார், நனைந்துபோய் மேலே வந்த மேலாளரும் அழுதார். இரும்புக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டார்.

அந்த வகையில் சிவப்பு விளக்கு விதி வாழ்க. சாப்பாட்டு வேளையும் நிற்காமல் பதிவாகியிருந்தது. வாசிப்புக் குரல் மட்டுமல்ல, மனிதர் சாதாரணமாகப் பேசுகிற குரலும் இருந்தது. மூடி திறக்க வராமல் டப்பாவைத் திட்டுகிறார். தனக்குத்தானே ஏதோ பாடுகிறார், சுருதி சேரவில்லை. அப்புறம் போன் அடித்தது, எடுத்து, 'என்னம்மா, சாப்பிட்டியா' என்றார். அண்ணிதான் மறுமுனையில். மறுநாள் கத்தி படப்போகிற தொண்டை, இதற்கு மேல் பேச நாளில்லை என்று தெரிந்த பேச்சு. அக்கா எட்டி ஸ்பீக்கரை அணைத்தார்.

"இது நமக்கு இல்ல," என்றார். "அவங்க வீட்டுக்குப் போகட்டும்."

அன்று மாலையே அக்கா அதைத் தம் கையால் கொண்டுபோய் அண்ணன் வீட்டில் கொடுத்தார். நாலு வருடமாகச் சுற்றிக்கொண்டு போனவர் அன்று நேராக அந்த வாசலில் போய் நின்றார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கருவிக்காரர்களும் ஒரு நகலை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் உறுதி சொல்லவில்லை. பழைய பதிவு, தும்மலும் தட்டுச் சத்தமும் நிறைய இருக்கிறது, முயன்று பார்க்கிறோம், வந்தால் வரும் என்றார்கள். அதிலிருந்து அக்கா தினமும் எங்களைப் பிடுங்கி எடுத்தார். வந்ததா, போன் செய்தாயா, மெயில் பார்த்தாயா. இன்று காலை இந்த மண்டபத்தில் நுழையும்போதுகூட, போட்ட மாலையைக் கழற்றிக்கொண்டே அதைத்தான் கேட்டார். இன்னும் வரவில்லை என்றோம்.

இத்துடன் யாரோ ஓர் அக்காவின் கதை முடிகிறது. இனி மறுபடியும் தாங்கள்தான்.

அருமை அக்கா அவர்களே! அடைத்துவைத்த ஒலியை அழியாமல் காத்தீர்கள். அளவு காட்டிய கருவி பொய்த்தபோதும் அடங்காத மனத்தால் அதை வென்றீர்கள். ஓடிய கால்கள் இனி ஓய்ந்திருக்கட்டும், ஒட்டிய டேப்புகளை நாங்கள் உரிக்க மாட்டோம். உடல் நலமும் உள்ள நிறைவும் ஒருசேர வாய்த்து, உற்றார் சூழ, பாதித் தட்டில் எழுந்திருக்காத நெடிய நாட்கள் பல தாங்கள் வாழ வேண்டுமென்று வாயார வாழ்த்துகிறோம்.

இம்மடலின் கடைசிச் சில வரிகளைக் கணக்கர் வாசிக்க மாட்டார். காலையில் தங்களிடம் சொன்னது பொய், மன்னியுங்கள். பின்வரிசையிலிருந்து அண்ணன் மேடைக்கு வருகிறார். கையில் அதே கருவிதான். அவர் எழுதித் தந்ததை எழுதித் தந்தபடியே கீழே சேர்த்திருக்கிறோம், சட்டம் போட்டு மாட்டும்போதும் இப்படியே இருக்கும்.

"அக்கா, நான்தான். முந்தாநாள் மத்தியானம் இந்தக் குரல் வந்துச்சு. வந்ததும் என்ன பேசறதுன்னே தெரியல. மடியில வச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பேப்பர் படிக்கலாம்னு பார்த்தா கண்ணாடியக் காணோம். பழக்கத்துல, 'என் கண்ணாடியப் பாத்தியாம்மா'ன்னு தட்டிட்டேன். அது என் குரல்ல கேட்டுடுச்சு. அவ சமையக்கட்டுல பாத்திரம் கழுவிட்டிருந்தா. 'எனக்கு என்ன தெரியும், வச்ச இடத்துல போய்த் தேடுங்க'ன்னு அங்கேருந்தே ஒரு கத்து கத்தினா. குரல் போனதிலேருந்து என்னை யாருமே திட்டினது இல்லக்கா. எல்லாரும் பாத்துப் பாத்துப் பேசுவீங்க. நாலு வருஷத்துல அன்னைக்குத்தான் முதல் திட்டு.

"அப்புறம் குழாய்த் தண்ணி நின்னுச்சு. அவ வெளிய வரல. உள்ளேருந்தே மெதுவா, 'இன்னொரு தடவ கேளுங்க'ன்னா.

"கேட்டேன். நீங்க நல்லா இருக்கணும்க்கா."

இங்ஙனம்,
தங்கள் அன்பும் அதட்டலும் பெற்ற
ஒலிநூல் பதிவகப் பணியாளர்கள்